மார்பிள் தோற்றம் கொண்ட குவார்ட்ஸ் மேடை: தேர்வு முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

சமையலறை மேடைக்குக் குவார்ட்ஸ் வாங்கப் போகிறவர்களில் பலர், கடையில் இருக்கும் உள்ளங்கை அளவு சாம்பிள் துண்டைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரே நிறமாக இருக்கும் குவார்ட்ஸுக்கு அது போதும். மார்பிள் போல ரேகை ஓடும் குவார்ட்ஸுக்குப் போதவே போதாது. ஒரு ரேகை ஸ்லாபின் (மேடைக்கு வெட்டி எடுக்கும் முழுக் கல் பலகையின்) ஒரு முனையில் புறப்பட்டு மறு முனை வரை குறுக்காக ஓடலாம். சாம்பிள் துண்டில் அதன் சின்னப் பகுதி விழுந்திருக்கலாம், விழாமலே போயிருக்கலாம்.

இந்த வகைக் கல்லில் அழகு என்பது ரேகை எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஓரத்துக்கு வரும்போது ரேகை தொடர்கிறதா, மூலையில் திரும்பும்போது என்ன ஆகிறது, ஜாயிண்டில் வெட்டுப்படுகிறதா, சிங்க்குக்காக வெட்டி எடுக்கும் பகுதியோடு போய்விடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் நிறத்தைத் தேர்வு செய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட, ஸ்லாபை எப்படி வெட்டப் போகிறார்கள் என்று உட்கார்ந்து பேசுவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதல் படி: பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

குவார்ட்ஸ் மேடை என்பது மலையிலிருந்து அப்படியே அறுத்து எடுக்கும் கல் அல்ல. பொடித்த குவார்ட்ஸ் துகள்களோடு பாலியெஸ்டர் வகைப் பிசினும் நிறமியும் கலந்து, வெற்றிடத்தில் அதிர்வு கொடுத்து அழுத்தி, பிறகு சூடேற்றி இறுகச் செய்வது. இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறை இது. வழக்கமான கலவையில் எடைக் கணக்கில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ், மீதி பிசின். பிசின் எடை குறைந்த பொருள் என்பதால், கன அளவில் பார்த்தால் அதன் பங்கு ஐந்தில் ஒரு பங்கு வரை வரும். குவார்ட்ஸின் நல்ல குணங்கள் பெரும்பாலும் கல்லிலிருந்து வருகின்றன. அதன் பலவீனங்கள் எல்லாம் இந்தப் பிசினிலிருந்து வருகின்றன.

அசல் மார்பிள் கால்சைட்டால் ஆனது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 3, குவார்ட்ஸ் 7. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மார்பிளின் பளபளப்பு அந்த இடத்தில் அரித்துப்போய் மங்கிவிடும். குவார்ட்ஸுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஈரத்தை உறிஞ்சுவதும் மிகமிகக் குறைவு, அதனால் மார்பிளைப் போல அவ்வப்போது சீலர் (ஈரமும் கறையும் உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூசத் தேவையில்லை. யாராவது குவார்ட்ஸ் மேடைக்குச் சீலர் பூசித் தருகிறேன் என்று தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குவார்ட்ஸைட் என்பது வேறு. அது இயற்கையான பாறை, சீலர் தேவைப்படும் கல். கடைக்காரர் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்னால், எதை விற்கிறார் என்று தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் சமையலறைக்கு இது ஒத்துவருமா?

மூன்று கேள்விகள் போதும்.

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே மேடையில் வைக்கும் பழக்கம் உண்டா? பிசினுக்குச் சூடு ஆகாது. ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே நிறம் மாறவும் வெளுப்பான தழும்பு விழவும் வாய்ப்பு உண்டு. அடுப்பிலிருந்து வரும் வாணலியோ ஓவனிலிருந்து வரும் தட்டோ அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஓரிடம் மட்டும் சட்டென்று சூடேறினால் கல் விரிசல் விடவும் கூடும். இப்படி விழுந்த தழும்பைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. வீட்டில் எல்லோரும் பிரிமணையோ மணைப்பலகையோ வைத்துத்தான் பாத்திரம் இறக்குவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் வாங்குங்கள். அல்லது அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கிரானைட் பலகையோ எஃகுப் பலகையோ பதித்துவிடலாம். அது நல்ல வழி.

மேடையில் நேரடி வெயில் விழுகிறதா? புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுப் பிசின் மஞ்சளாகும். வெள்ளை அடிநிறத்தில்தான் இது முதலில் கண்ணில் படும், மார்பிள் தோற்ற வகைகளோ பெரும்பாலும் வெள்ளைதான். பெரிய ஜன்னலுக்கு அடியில் நாள் முழுக்க வெயில் விழும் மேடையென்றால் திரை போட வேண்டும், இல்லையென்றால் பிசின் இல்லாமல் சுட்டுச் செய்யும் சின்டர்டு ஸ்டோன் அல்லது போர்சலின் ஸ்லாபைப் பார்க்க வேண்டும். வெட்டவெளிச் சமையலறைக்கு வழக்கமான குவார்ட்ஸ் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான உத்தரவாதங்கள் வெளிப்புறப் பயன்பாட்டை ஏற்பதும் இல்லை.

எந்த மாதிரிக் கிளீனர் பயன்படுத்துவீர்கள்? ஓவன் கிளீனர், சாக்கடை அடைப்பு நீக்கி போன்ற கடுமையான காரப் பொருட்களும் பெயின்ட் நீக்கியும் பிசினை அரிக்கும். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

மூன்றாம் படி: ரேகையின் குணத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேடலாகில் வரும் பெயர்களில் பாதி மூன்று இத்தாலிய மார்பிள்களைச் சுற்றியே இருக்கும். மூன்றுமே டஸ்கனியின் அப்புவான் மலைத்தொடரிலிருந்து வருபவை. கராரா வகையில் அடிநிறமே லேசான சாம்பல், ரேகைகள் மெல்லியவை, இறகு போலக் கலைந்து கிடக்கும். ஸ்டாடுவாரியோவில் அடி நல்ல வெள்ளை, சாம்பல் ரேகைகள் திடமாக, இடைவெளி விட்டு ஓடும். கலகட்டாவில் ரேகை இன்னும் தடிமனாக, சில நேரம் பொன்னிறம் கலந்து வரும். குவார்ட்ஸ் தயாரிப்பாளர்கள் இந்தப் பெயர்களைத் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள், அதனால் பெயரை நம்பாமல் ஸ்லாபை நம்புங்கள்.

மேடை சின்னதா, அல்லது சிங்க், அடுப்பு, மூலை என்று பல இடத்தில் வெட்டுப்படுகிறதா? கராரா வகையே நல்லது. எங்கே வெட்டினாலும் மெல்லிய ரேகை இழப்பைக் காட்டாது, ஜாயிண்டையும் மறைத்துவிடும். தடித்த கலகட்டா ரேகைக்கு நீளமான, தடங்கல் இல்லாத பரப்பு வேண்டும். சமையலறை நடுவில் ஒரு ஐலண்ட் (சுவரை ஒட்டாத தனி மேடை) இருந்தால் அதில் அது ஜொலிக்கும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள, சாமான்கள் நிறைந்த மேடையில் அதே ரேகை யாரோ கரிக்கோடு இழுத்தது போலத் துண்டு துண்டாகத் தெரியும். ஐலண்டுக்குத் தடித்த ரேகை, சுவரோர மேடைக்கு அதே அடிநிறத்தில் ரேகை குறைந்த வகை என்று இரண்டையும் சேர்ப்பது என் கண்ணுக்கு எப்போதும் நிறைவாக இருக்கும்.

வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. நீலம் சாயும் வெள்ளை, மஞ்சள் சாயும் வெள்ளை, சாம்பல் சாயும் வெள்ளை. தனியாகப் பார்த்தால் தெரியாது. சாம்பிளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள், சாயல் உடனே வெளிப்படும். அப்புறம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மேடை உயரத்தில் படுக்கையாக வைத்து, காலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் சாயும் 3000 கெல்வின் விளக்கில் இதமாகத் தெரியும் கல், நீலம் சாயும் 6500 கெல்வின் விளக்கில் நீலம் பாய்ந்து தெரியலாம். அலமாரிக் கதவும் தரை டைல்ஸும் பக்கத்தில் இருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு.

நான்காம் படி: முழு ஸ்லாபை நேரில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்லாப் வைத்திருக்கும் யார்டுக்குப் போய், நீங்கள் வாங்கப் போகும் அதே ஸ்லாபை வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை பக்கவாட்டு வெட்டிலும் இறங்குகிறதா? ரேகை கல்லின் முழுத் தடிமனிலும் ஊடுருவிப் போகும் வகை ஒன்று. மேற்பரப்பில் மட்டும் அச்சடித்த வகை இன்னொன்று. சிலவற்றில் ரேகை சில மில்லிமீட்டர் ஆழம் வரை மட்டுமே இறங்கியிருக்கும். அச்சடித்தது, தூரத்திலிருந்து பார்க்கும்போது அசல் மார்பிளையே தோற்கடிக்கும். ஆனால் மேடையின் முன் ஓரத்தை வெட்டி உருட்டியதும், ரேகை விளிம்பில் வந்து சட்டென்று நின்றுபோய், அதன் கீழே வெறும் வெள்ளைப் பட்டை தெரியும். சிங்க்கின் உள்விளிம்பிலும் அதே கதை. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால், ரேகை போன இடத்தில் வெள்ளைப் புள்ளி மிஞ்சும். ஸ்லாபில் பக்க வெட்டு தெளிவாகத் தெரியவில்லை என்றால், அதே வகையின் வெட்டித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடுத்து, ஸ்லாபுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பிசின் ஓரிடத்தில் தேங்கிக் கண்ணாடித் திட்டு போல இருக்கிறதா, நிறமி கட்டி கட்டியாக நிற்கிறதா, சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ரேகையின் விளிம்பையும் கவனியுங்கள். நல்ல தயாரிப்பில் ரேகை அடிநிறத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ஓரிடத்தில் பிரியும், இன்னோரிடத்தில் மங்கி மறுபடி எழும். மலிவான தயாரிப்பில் ஒரே அகலத்தில், ஒரே கருமையில், பெயின்ட் பிரஷ் இழுத்தது போல ஓடும்.

ஒன்றுக்கு மேல் ஸ்லாப் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்தவற்றுக்கு இடும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். பேட்ச் மாறினால் வெள்ளையின் சாயலே மாறும். சில வகைகளில் எல்லா ஸ்லாபும் அச்சு அசலாக ஒரே வடிவத்தோடு வரும். அப்போது ஒரே வளைவு மேடையில் இரண்டு இடத்தில் தெரிந்து, செயற்கை என்று காட்டிக்கொடுத்துவிடும். சில தயாரிப்பாளர்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும் ஜோடி ஸ்லாப் தருகிறார்கள். ஐலண்டிலோ அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரிலோ புத்தகம் விரித்தது போலப் பொருத்த ஆசை இருந்தால் அதைக் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் அவசியம். குவார்ட்ஸ் என்ற பெயரில் சுண்ணாம்புக்கல் தூளையும் பிசினையும் கலந்து செய்த செயற்கை மார்பிளும் விற்பனைக்கு வருகிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வெட்டித் துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து, பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுண்குமிழி எழுந்தாலோ சில மணி நேரத்தில் அந்த இடம் சொரசொரப்பாக அரித்துப்போனாலோ அதில் சுண்ணாம்புக்கல்லின் கால்சியம் கார்பனேட் கணிசமாக இருக்கிறது. பிறகு எஃகுக் கத்தி முனையால் அழுத்திக் கீறுங்கள். சாம்பல் கோடு விழுந்து, தேய்த்துக் கழுவினால் போய்விட்டால் அது கத்தியின் உலோகம் கல்லில் ஒட்டியது. பள்ளமே விழுந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

அதே துண்டின் மேல்பக்கத்தில் காப்பியும் எண்ணெயும் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க வைத்து, காலையில் சோப்பால் துடைத்துப் பாருங்கள். வெள்ளைக் கல்லில் எந்தக் கறை எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை விற்பனையாளர் வாய்மொழியைவிட இது நன்றாகச் சொல்லும்.

ஐந்தாம் படி: பாலிஷ், தடிமன், ஓரம்

பளபளப்பான பாலிஷ் ரேகையை ஆழமாகக் காட்டும், துடைக்கச் சுலபம். மேட் பூச்சு, பளபளப்பு இல்லாமல் வழவழப்பாக்கிய அசல் ஹோன்டு மார்பிளை நினைவூட்டும், விளக்கு எதிரொளிக்காது. ஆனால் எண்ணெய்க் கையும் பாத்திரம் உரசிய தடமும் அதில் கூடுதலாகத் தெரியும், அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். தினமும் பல வேளை சமைக்கும் வீட்டுக்கு நான் பாலிஷையே சொல்வேன்.

தடிமன் பெரும்பாலும் 20 அல்லது 30 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் ஸ்லாப் சுவருக்குப் பொருத்தம். 20 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 முதல் 50 கிலோ எடை வரும், எனவே அலமாரி திடமாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். ஐலண்டில் உட்கார்ந்து சாப்பிட மேடையை வெளியே நீட்டினால், 20 மில்லிமீட்டர் கல்லுக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் தாங்கி இல்லாமல் விடாதீர்கள்.

ஓர வடிவத்தில் எளிமையே அழகு. கூர்மையை மட்டும் லேசாக மழித்த நேர் ஓரம் ரேகையைச் சிதைக்காது, முழுக்க உருட்டிய ஓரம் ரேகையை இழுத்து வளைத்துவிடும். அச்சடித்த ஸ்லாபில் உருட்டிய ஓரத்தைத் தொடவே வேண்டாம். கல் தடிமனாகத் தெரிய வேண்டுமென்றால், ஓரத்தை 45 டிகிரியில் வெட்டி, அதே ஸ்லாபின் பட்டையைக் கீழ்நோக்கி ஒட்டும் மைட்டர் முறை உண்டு. வெட்டிய இடத்துக்கு அடுத்துள்ள பட்டையையே பயன்படுத்தினால் மேலே ஓடும் ரேகை முன்பக்கத்தில் அப்படியே இறங்கும். ஐலண்டின் பக்கவாட்டில் தரை வரை கல் இறங்கும் வாட்டர்ஃபால் அமைப்புக்கும் இதே விதிதான்.

ஆறாம் படி: ஸ்லாபை எப்படி வெட்டுவது என்று காகிதத்தில் முடிவு செய்யுங்கள்

வழக்கமான ஸ்லாப் சுமார் 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். ஜம்போ ஸ்லாப் சுமார் 3.2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரோர மேடைக்கு 65 சென்டிமீட்டர் ஆழம் என்றால், 1.4 மீட்டர் அகலத்தில் இரண்டு பட்டை எடுத்த பிறகு 10 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். 1.6 மீட்டரில் 30 சென்டிமீட்டர் மிஞ்சும், சுவரோரம் ஒரு சின்ன மறைப்புப் பட்டைக்கு அது ஆகும். 90 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஐலண்டை 1.4 மீட்டர் ஸ்லாபிலிருந்து வெட்டினால் மிச்சம் 50 சென்டிமீட்டர், மேடைக்கு உதவாது. ஜம்போவில் 70 சென்டிமீட்டர் மிஞ்சும், அதில் ஒரு முழு மேடைப் பட்டையே வந்துவிடும். ஆக, ஜம்போ விலை கூடுதலாக இருந்தாலும் மொத்தச் செலவு குறையலாம், ஜாயிண்டும் குறையும்.

எல் வடிவ மேடையில் ஒரு சிக்கல் உண்டு. எல்லின் இரண்டு கையையும் (பக்கத்தையும்) ஸ்லாபின் நீளவாக்கில் வெட்டினால், மூலையில் ரேகையின் திசை 90 டிகிரி திரும்பும். இரண்டிலும் ஒரே திசை வேண்டுமென்றால், ஒரு கையை ஸ்லாபின் அகலவாக்கில் வெட்ட வேண்டும். அப்போது அந்தக் கையின் நீளம் 1.4 அல்லது 1.6 மீட்டரைத் தாண்ட முடியாது. சின்னக் கை குட்டையாக இருந்தால் ஒரே திசையைக் கேளுங்கள். நீளமாக இருந்தால், ரேகை குறைவான வெற்றுப் பகுதி மூலைக்கு வரும்படி இரண்டு துண்டையும் நகர்த்தி அமைக்கச் சொல்லுங்கள். திரும்பியது அவ்வளவாகத் தெரியாது.

ஜாயிண்ட் எங்கே வரும் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள், வெட்டுபவரின் வசதிக்கு விடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேலே வேண்டாம், ஆவியும் சூடும் ஒட்டுப்பசையைத் தளர்த்தும், கீழே தாங்கலும் இருக்காது. சிங்க் வெட்டின் நடுவிலும் வேண்டாம். ரேகை அடர்ந்த இடத்தைவிட வெற்று அடிநிறத்தில் வரும் ஜாயிண்ட்டை நிறம் கலந்த பசையால் நன்றாக மறைக்கலாம். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டும் துவாரத்தின் உள்மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

இப்போது பல பட்டறைகளில் ஸ்லாபைப் படமெடுத்து, அதன் மேல் உங்கள் மேடைத் துண்டுகளைக் கணினியில் பொருத்திக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தைக் கேளுங்கள். அந்த வசதி இல்லையென்றால், ஸ்லாபின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டுக்கோடுகளைக் குறிக்கச் சொல்லி நின்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த அந்தப் பெரிய ரேகை சிங்க் துவாரத்துக்குள் போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பத்து சென்டிமீட்டர் நகர்த்தினாலே காப்பாற்றிவிடலாம்.

ஏழாம் படி: வெட்டுபவரைத் தேர்ந்தெடுப்பது

விலைப்பட்டியலில் ஓர வேலை, சிங்க் துவாரம், குழாய்த் துளை, ஜாயிண்ட், பழைய மேடையை அகற்றுவது எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். உத்தரவாதத்தில் எதெல்லாம் சேராது என்பதைப் படித்துப் பாருங்கள், சூட்டுத் தழும்பும் வெயில் மஞ்சளும் அநேகமாக விலக்கப்பட்டிருக்கும்.

விலையைவிட முக்கியமான ஒன்றையும் கேளுங்கள்: தண்ணீர் விட்டு அறுக்கிறீர்களா, உலர்வாக அறுக்கிறீர்களா? குவார்ட்ஸை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா நுண்தூள் நுரையீரலைக் கெட்டியாக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அதற்கு முழுக் குணம் கிடையாது. இளம் தொழிலாளர்கள் பலர் இதனால் பாதிக்கப்பட்டதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைச் செயற்கைக் கல்லையே தடை செய்தது. பொருத்திய மேடை வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை. ஆபத்து எல்லாம் வெட்டுபவருக்கும் சாணை பிடிப்பவருக்கும்தான். தண்ணீர் பாய்ச்சும் இயந்திரமும் தூசி உறிஞ்சியும் முகக் கவசமும் உள்ள பட்டறைக்கே வேலையைக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்குள் வந்து கட்டரால் உலர்வாக அறுக்க விடாதீர்கள். சிலிக்கா அளவைக் குறைத்து, கண்ணாடித் தூளும் வேறு கனிமங்களும் சேர்த்த ஸ்லாப்களும் இப்போது வருகின்றன. பிடித்த ரேகை அதில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

எட்டாம் படி: அளவெடுப்பும் பொருத்தும் நாளும்

அலமாரிகள் நிலையாகப் பொருத்திய பிறகுதான் அளவெடுக்க வேண்டும். சிங்க், அடுப்பு, குழாய் ஆகிய மூன்றும் அன்று கையில் இருக்கட்டும், கேடலாக் அளவை நம்பி வெட்டச் சொல்லாதீர்கள்.

மேடை வந்து இறங்கியதும், ஒட்டுவதற்கு முன்பே துண்டுகளை வைத்துப் பார்த்து ரேகையின் திசை படத்தில் இருப்பதுபோல இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒட்டிய பிறகு பேசிப் பயனில்லை. ஜாயிண்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள், ஏற்ற இறக்கம் தட்டக் கூடாது. டார்ச்சைப் படுக்கையாகப் பிடித்து மேற்பரப்பு முழுவதும் அடித்துப் பாருங்கள், கீறலும் பசைத் திட்டும் அப்போது தெரியும். சிங்க்கைச் சுற்றிய சிலிக்கான் காய ஒரு நாள் விட்டு, பிறகு தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

சிங்க் துவாரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட விடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஓரத்தில் சில்லு பெயர்ந்தால், பசைக்கு நிறம் சேர்ப்பவர் அந்தத் துண்டை வைத்துத்தான் சரியான வெள்ளையைப் பிடிப்பார்.